வாட்ச் செல்லை நீங்களே மாற்றலாம்: முதன்முறை பின்மூடியைத் திறப்பவர்களுக்கு

நொடி முள் ஒவ்வொரு நொடியாக நகராமல் இரண்டு நொடிக்கு ஒருமுறை தாவித் தாவிப் போகிறதா? வாட்ச் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். செல் தீரப்போகிறது என்பதைப் பல குவார்ட்ஸ் வாட்ச்கள் இப்படித்தான் சொல்லும். செல்லை மாற்ற அப்போதே நேரம் பாருங்கள். தீர்ந்த செல்லை மாதக்கணக்கில் உள்ளேயே விட்டால் கசிந்து, அது தொடும் தகடுகளை அரித்துவிடும்.

முதலில் டயலையும் பின்மூடியையும் படியுங்கள். 'ஆட்டோமேட்டிக்' என்று இருந்தால் உள்ளே செல்லே கிடையாது. 'சோலார்' என்று இருந்தால் அதில் இருப்பது திரும்பத் திரும்ப சார்ஜ் ஏறும் செல். அந்த இடத்தில் சாதாரண செல்லைப் போடக் கூடாது. வெயிலில் வைத்துப் பார்த்துவிட்டு, அப்போதும் ஓடவில்லை என்றால் ரிப்பேர்காரரிடம் கொடுங்கள்.

அடுத்து, மூடி எந்த வகை என்று பாருங்கள். விளிம்பில் நகம் நுழையும் அளவு ஒரு பள்ளம் இருந்தால் அது அழுத்தி மூடும் வகை. நான்கு மூலையிலும் குட்டி ஸ்க்ரூ இருந்தால் இன்னும் சுலபம். மூடியைச் சுற்றி வெட்டு வெட்டாக இருந்தால் மூடியே மரை போட்டது. அதற்கென்று உள்ள சாவியால் இடப்பக்கம் திருப்ப வேண்டும். முதல் இரண்டையும் தைரியமாக வீட்டில் செய்யலாம். தண்ணீருக்குள் மூழ்கக் கட்டிக்கொள்ளும் வாட்ச் என்றால் நீங்கள் தொடாமல் இருப்பதே நல்லது. மூடிய பிறகு அதை அழுத்தச் சோதனை செய்ய வேண்டும், அந்தக் கருவி வீட்டில் இருக்காது.

திறக்கும் முன் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் விளிம்பைத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். வேர்வையும் அழுக்கும் சேர்ந்து அங்கே பசை போலப் படிந்திருக்கும், மூடி கிளம்பும்போது நேராகச் சக்கரங்களுக்குள் விழும். வாட்சை மெத்தென்ற துணிமேல் கவிழ்த்து வைத்து, பள்ளத்தில் மழுங்கிய தகட்டை நுழைத்துத் திருகினால் 'டப்' என்று திறக்கும். கூர்மையான கத்தி வேண்டவே வேண்டாம். வழுக்கினால் முதலில் கை கிழியும், அடுத்து காயில்.

அந்தக் காயிலைத்தான் நீங்கள் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். செம்பு நிறத்தில், தலைமுடியைவிட மெல்லிய கம்பியை நெருக்கமாகச் சுற்றிய சின்ன உருளை அது. பெரும்பாலும் செல்லுக்குப் பக்கத்திலேயே இருக்கும். நான் முதன்முதலில் திறந்த வாட்சில் ஸ்க்ரூ டிரைவர் முனை அதில் லேசாகத்தான் பட்டது. புது செல் போட்டும் முள் அசையவில்லை. கம்பி ஒரே ஒரு சுற்று அறுந்தாலும் மோட்டாருக்கு மின்சாரம் போகாது. செல் தீர்ந்து நின்ற நல்ல வாட்சை நானே கெடுத்துவிட்டேன் என்ற வருத்தம் இன்றும் உண்டு. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

செல்லை எடுக்கும் முன் எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிடித்திருக்கும் கொக்கியையோ ஸ்க்ரூவையோ தளர்த்தி, பிளாஸ்டிக் இடுக்கியால் தூக்குங்கள். இரும்பு இடுக்கி செல்லின் இரண்டு முனைகளையும் ஒன்றாகத் தொட்டு ஷார்ட் ஆக்கிவிடும். எடுத்ததும் செல்லை டேப் ஒட்டிக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பட்டன் செல்லை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய விஷயம்.

செல்லின் முதுகில் இருக்கும் எண்ணைப் படியுங்கள். எஸ்ஆர்626எஸ்டபிள்யூ என்பதும் 377 என்பதும் ஒரே செல்தான். கடைசி இரண்டு இலக்கம் தடிமன்: 26 என்றால் 2.6 மி.மீ. எல்ஆர்626 என்று அதே அளவில் அல்கலைன் செல்லும் கிடைக்கும், பொருந்தவும் செய்யும். ஆனாலும் வேண்டாம். எஸ்ஆர் என்பது சில்வர் ஆக்சைடு. கிட்டத்தட்ட கடைசிவரை 1.55 வோல்ட்டை விடாமல் கொடுக்கும். அல்கலைன் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே வரும், கசியும் வாய்ப்பும் அதிகம்.

புது செல்லை விரலால் தொடாமல், துடைத்துவிட்டு, படத்தில் இருந்தபடியே வையுங்கள். நொடி முள் நகர்ந்தால் போதும். டிஜிட்டல் வாட்ச் என்றால் எண்கள் தாறுமாறாக வரலாம், திரை வெறுமையாகவும் இருக்கலாம். உள்ளே 'ஏசி' என்று எழுதிய புள்ளி இருந்தால், அதையும் செல்லின் பிளஸ் பக்கத்தையும் ஒரு கம்பியால் இரண்டு நொடி சேர்த்துத் தொடுங்கள், சரியாகிவிடும்.

மூடும்போது ரப்பர் வளையத்தைக் கவனிக்காமல் விடுபவர்கள்தான் அதிகம். அது முறுக்கிக்கொள்ளாமல் தன் பள்ளத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். வெடித்தோ தட்டையாகவோ இருந்தால் புதிது போடுங்கள். நன்றாக இருந்தால் துளி சிலிகான் கிரீஸ் தடவுங்கள். அழுத்தி மூடும் மூடியின் உள்விளிம்பில் ஓர் இடம் வெட்டப்பட்டிருக்கும். நேரம் வைக்கும் குமிழின் தண்டு போகும் வழி அது. அந்த வெட்டு குமிழுக்கு நேராக வந்தால்தான் மூடி இறங்கும். இரண்டு கட்டைவிரலாலும் ஒரே சீராக அழுத்துங்கள். இறங்க மறுத்தால் பலம் காட்டாதீர்கள், முன்பக்கக் கண்ணாடி விரிசல் விடும். ரிப்பேர்காரர் பிரஸ்ஸில் வைத்து நொடியில் மூடிக் கொடுப்பார்.

ஒரு நாள் முழுக்க மேசைமேல் வைத்து நேரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். மறுபடி நின்றால் குறை பெரும்பாலும் செல்லில் இருக்காது: தகட்டில் துரு இருக்கலாம், சக்கரத்தில் எண்ணெய் காய்ந்திருக்கலாம். ரிப்பேர்காரரிடம் கொடுக்கும்போது, புது செல் போட்டாயிற்று, என்றைக்குப் போட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.