மலைநாட்டில் ஏடிவி வாங்குகிறீர்களா? ஏற்றத்தை விடுங்கள், இறக்கத்தைப் பாருங்கள்

ஏடிவி, அதாவது மோட்டார் சைக்கிள் மாதிரி ஹேண்டில் பிடித்து ஓட்டுகிற, கரடுமுரடான நிலத்திலும் போகிற நாலு சில்லு வண்டி. அதை வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை சிசி என்றுதான். இலங்கை மலைநாட்டில் கந்தப்பளை, ராகலை, வெலிமடைப் பக்கம் மரக்கறி செய்பவர்களும் சரி, இரண்டு மூன்று ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர்களும் சரி, ஏற்றத்தில் இழுக்குமா என்பதிலேயே நிற்கிறார்கள். 400 சிசிக்கு மேலே, நாலு சில்லும் இழுக்கிற வண்டி என்றால் நம் தோட்டப் பாதைகளில் பெரும்பாலானவற்றை ஏறிவிடும், அதைப் பற்றி இவ்வளவு கவலைப்படத் தேவையில்லை. ஆளைக் கொல்வது சுமையோடு இறங்குவதும், சரிவில் குறுக்கே போவதும், அதுவும் மழை நேரத்தில். அதனால் வண்டி பார்க்கப் போகும்போது அது எப்படி இறங்கும் என்பதை மனதில் வைத்தே எல்லாவற்றையும் பாருங்கள்.

உழவுக்கு என்று நினைத்து வாங்குவதுதான் முதல் தவறு. வெளிநாட்டு வீடியோக்களில் வண்டிக்கு முன்னால் ஒரு பிளேட்டை மாட்டிக்கொண்டு சர்ரென்று தள்ளிப் போவார்கள், அது பனியை ஒதுக்குகிற வேலை. புதிதாக விழுந்த பனி ஒரு கன மீட்டர் 100 கிலோ கூட வராது. நம்முடைய நனைந்த செம்மண் அதே அளவுக்கு 1,800 கிலோவுக்கு மேலே போகும். சுமார் 300 கிலோ எடையுள்ள வண்டியால் அதை எவ்வளவு தள்ள முடியும்? 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலுக்குப் பிறகு பாதைகளில் சரிந்து கிடந்த மண்ணைப் பார்த்துவிட்டு, ஒரு ஏடிவியும் பிளேட்டும் இருந்தால் நாமே ஒதுக்கலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். மெல்லிய சேறு, சருகு, பாதையில் பரத்தின சரளை, இதற்கெல்லாம் பிளேட் உதவும். சரிந்த மண்மேட்டுக்கு உதவாது, மேலே இன்னும் மண் தொங்கிக்கொண்டிருக்கிற இடத்தில் வண்டியை விடவே கூடாது. பாத்தி உழுவதற்கும் இப்படித்தான். ஏடிவியில் மண்ணைக் கிளறும் ரோட்டரிக் கத்தியைச் சுழற்றுகிற தண்டு கிடையாது, ஒரு சின்ன டிஸ்க்கை இழுத்து மேல்மண்ணைக் கிளறலாம், அவ்வளவுதான். கிழங்குக்கும் கரட்டுக்கும் ஆழமாகப் பண்படுத்த லேண்ட்மாஸ்டரை, அதாவது இரண்டு சில்லு உழவு இயந்திரத்தைத் தேடுங்கள். பசளை ஏற்றுவது, லீக்ஸ் மூட்டை இறக்குவது, மருந்துத் தொட்டி கொண்டுபோவது, பாதையும் கானும் துப்புரவு செய்வது, விழுந்த சவுக்கு மரத்தைத் துண்டு போட்டு இழுப்பது, இதெல்லாம்தான் ஏடிவிக்குரிய வேலை.

அடுத்தது, வண்டியைப் பார்க்கப் போகும் முன் பாதையை அளக்காமல் விடுவது. பெரிய ஏடிவி கிட்டத்தட்ட நாலு அடி அகலம். பாத்திகளுக்கு நடுவே நாம் விட்டிருக்கிற நடைபாதை எத்தனை அடி? கல் அடுக்கிக் கட்டிய அணைகளின் ஓரத்தில் வண்டியின் வெளிச்சில்லு எங்கே வரும்? மழையில் ஊறிய கல்லணை மேலிருந்து வருகிற எடையைத் தாங்காமல் வயிறு தள்ளி நிற்கும், அதன் விளிம்பில் வண்டியும் ஆளும் பசளையும் சேர்ந்து அரை டன் ஏறினால் அணையோடு சேர்ந்து கீழே போக வேண்டியதுதான். ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு மிகக் குறுகிய இடத்தையும், மிகக் கூர்மையான வளைவையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பல பேருக்கு அந்த அளவைப் பார்த்ததுமே 700 சிசி ஆசை போய்விடும்.

உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ பத்து வீதம் என்ற கணக்கில் என்ஜின் பலம் குறையும், டர்போ இல்லாத எல்லா என்ஜினுக்கும் இதுதான் விதி. கார்புரேட்டர் வண்டியென்றால் காற்று குறைந்து பெற்றோல் கூடி, கறுப்புப் புகையும் இழுவைக் குறைவும் சேர்ந்து வரும். கொழும்பில் ஓட்டிப் பார்த்து நன்றாக இருந்த வண்டி இங்கே வந்து மூச்சு வாங்கும். கார்புரேட்டரில் பெற்றோல் வருகிற துளையான ஜெட்டை மாற்றிச் சரி செய்யலாம், ஆனால் ஜனவரிக் குளிரில் விடியற்காலை ஸ்டார்ட் பண்ணுவதையும் சேர்த்து யோசித்தால் எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் உள்ளதையே எடுங்கள் என்று சொல்வேன்.

சரி, இப்போது இறக்கம். பெரும்பாலான ஏடிவிகளில் ஸ்கூட்டரில் இருப்பது போன்ற பெல்ட் கியர்தான். அதிலே சில மாடல்களில் ஆக்சிலேட்டரை விட்டதும் வேகம் குறைகையில் பெல்ட்டின் பிடி விட்டுப்போகும், வண்டி நியூட்ரலில் உருளுவது மாதிரி உருளத் தொடங்கும். சமதரையில் இது தெரியவே தெரியாது. நனைந்த செம்மண் இறக்கத்தில் பின்னால் சுமையோடு வரும்போது உருளத் தொடங்கினால் பிரேக்கைத்தான் நம்ப வேண்டும், பிரேக்கை அழுத்தினால் சில்லு பூட்டிக்கொண்டு வழுக்கும், வழுக்கும் சில்லால் வண்டியைத் திருப்ப முடியாது. என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்துகிற அமைப்பு இருக்கிறதா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. யமஹாவின் கிரிஸ்லி, கோடியாக் வகைகளில் பெல்ட் எப்போதும் இறுக்கமாகவே இருக்கும்படி செய்திருக்கிறார்கள், ஹொண்டாவின் ஃபோர்மன் போன்றவற்றில் பெல்ட்டே இல்லை, பல்சக்கர கியர்தான். மற்றக் கம்பனிகளிலும் சில மாடல்களில் இந்த வசதி உண்டு, சிலவற்றில் இல்லை, பெயரை நம்பாமல் நீங்களே பாருங்கள். ஒரு சின்ன இறக்கத்தின் தலையில் நிறுத்தி, லோ கியரில் போட்டு, மெல்ல நகர்த்தி ஆக்சிலேட்டரை விடுங்கள். என்ஜின் முனகிக்கொண்டு வண்டியைப் பிடித்து வைக்கிறதா, அல்லது சத்தம் அடங்கி வேகம் கூடுகிறதா? பத்து யார் தூரத்தில் தெரிந்துவிடும்.

லோ கியர் இல்லாத வண்டியை வேலைக்கு வாங்கவே வேண்டாம். இருந்தும் அதைப் போடாமல், ஹையிலேயே மெதுவாகச் சுமை இழுப்பவர்களுக்குத்தான் பெல்ட் கருகுகிறது. அந்த ரப்பர் வாடை ஒருமுறை வந்தால் பெல்ட்டில் மினுங்குகிற தடம் விழும், அப்புறம் அது ஏற்றத்தில் வழுக்கும்.

சுமை விஷயத்தில் நம் ஆட்கள் கொஞ்சம்கூடப் பார்ப்பதில்லை. வேலைக்கான பெரிய ஏடிவிகளிலேயே பின் ரேக்கின் அளவு 80, 90 கிலோதான் இருக்கும், முன்னால் 40, 50. ஆக, 50 கிலோ பசளை மூட்டை இரண்டைப் பின்னால் போட்டாலே அளவு தாண்டிவிட்டது. கீழ் ரோட்டிலிருந்து ஏறி வரும்போது அந்த இரண்டு மூட்டையும் முன் சில்லைத் தரையிலிருந்து தூக்கப் பார்க்கும். மருந்துத் தொட்டி இன்னும் மோசம். பாதி நிரம்பிய தொட்டியில் தண்ணீர் சரிவுப் பக்கமாக ஓடிச் சேர்ந்து, வண்டி சாயும் நேரத்தில் அதே பக்கம் தள்ளும், தடுப்புத் தகடு உள்ள தொட்டியாகப் பார்த்து வாங்குங்கள். டிரெயிலர் இழுக்கும் அளவு என்று எழுதியிருப்பது சமதரைக்கு. ஐந்தடிக்கு ஓரடி இறங்குகிற பாதையில் 400 கிலோ டிரெயிலர் ஏறத்தாழ 80 கிலோ விசையோடு உங்களைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வரும், அதற்குத் தனி பிரேக்கும் கிடையாது. மரம் இழுக்கும்போது கயிற்றைக் கீழே உள்ள கொக்கியில்தான் கட்ட வேண்டும், ரேக்கில் கட்டினால் வண்டி பின்னால் புரண்டு உங்கள் மேலேயே விழும். ஒருவருக்கான சீட்டில் இன்னொருவரை ஏற்றுவதும் இதே ஆபத்துதான். அந்த நீள சீட் ஓட்டுபவர் சரிவுக்கு ஏற்ப உடம்பை முன்னும் பின்னும் நகர்த்துவதற்காக இருக்கிறது, கொழுந்து மடுவத்துக்குப் போகிற அக்காவை ஏற்றிக்கொள்வதற்கு இல்லை.

இங்கே அவுஸ்திரேலியாவைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பண்ணைகளில் ஏடிவி புரண்டு செத்தவர்களை நிறையப் பார்த்த நாடு அது. 2021 ஒக்டோபர் 11 முதல் அங்கே விற்கிற புதிய வேலை ஏடிவிகளில், புரளும்போது ஆளை நசுக்காமல் காக்கும் கம்பி கட்டாயம். 28.81 பாகைக்குக் குறைந்த பக்கச்சரிவில் வண்டி இரண்டு சில்லில் எழும்பவும் கூடாது. அது சோதனைக் கூடத்து மேடையில் எடுத்த கணக்கு. நம் தேயிலை மலைகளில் அதைவிடச் செங்குத்தான சரிவுகள் எத்தனையோ உண்டு, அங்கே ஒரு சில்லு கல்லில் ஏறி மறு சில்லு குழியில் இறங்கினால் மிச்சம் என்ன இருக்கும்? பின்னால் மாட்டும் அந்தக் கம்பியை நம் ஊர் வெல்டிங் கடையில் கண்ணளவில் செய்வதும் வேண்டாம், தலையில் இடிக்கிற கம்பி இன்னொரு ஆபத்து. வண்டியோடு சேர்த்து முறையாகச் செய்ததை வாங்குங்கள், ஹெல்மெட்டும் போடுங்கள், 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது, அதனால் கையில் கிடைப்பவை பெரும்பாலும் பழைய வண்டிகள். சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்ட, சங்கிலியால் பின்சில்லைச் சுழற்றுகிற சின்ன வண்டிகள் மலிவாக வரும், பின்சில்லு இரண்டும் ஒரே தண்டில் பூட்டியவை, திருப்பும்போது நேராகவே தள்ளும், வேலைக்கு ஆகாது. பெரிய வண்டி என்றால் பெயின்ட் பளபளப்பை விட்டுவிட்டு குனிந்து பாருங்கள். அச்சு முனையில் இருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறையை விரலால் விரித்துப் பார்த்தால், வெடிப்பு இருந்தால் உள்ளே கிரீஸோடு செம்மண் குழைந்து கிடக்கும், அந்த மூட்டு அதிக நாள் தாங்காது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து, ஃபில்டருக்கு உட்புறம், என்ஜினுக்குப் போகும் பக்கத்தில் விரலைத் தேய்த்துப் பாருங்கள். சிவப்புத் தூசி ஒட்டினால் என்ஜின் அதைத் தின்றிருக்கிறது என்று அர்த்தம், விலை பேசவே வேண்டாம். ஜாக்கி வைத்துத் தூக்கி ஒவ்வொரு சில்லையும் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். கம்பி வடத்தைச் சுற்றி இழுக்கிற வின்ச் பூட்டிய இடத்தில் சட்டகம் வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

டயரில் காற்றைக் கார் மாதிரி அடித்து வைத்திருப்பார்கள். பெரும்பாலான ஏடிவிக்கு 5 முதல் 7 பிஎஸ்ஐ போதும், 20 அடித்தால் கல்லுக்குக் கல் துள்ளும், ஓட்டிப் பார்க்கும் முன்பே சரியான அளவுக்கு இறக்கிவிடுங்கள். வாங்கிய பிறகு ஒரே தடத்தில் மேலிருந்து கீழாக ஓட்டிக்கொண்டிருக்கவும் கூடாது. அந்தத் தடம் அடுத்த மழையில் வாய்க்காலாகி மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போய்க் கீழ்க்காட்டுக்காரரின் பாத்தியில் கொட்டும். பாதையைச் சரிவுக்குக் குறுக்கே சாய்வாக எடுத்து, இடைக்கிடை தண்ணீரைக் கானுக்குத் திருப்பிவிடும் மேடு போட்ட பிறகே வண்டியை இறக்குங்கள்.

பொது ரோட்டைக் கடந்தோ அதன் வழியாகவோ உங்கள் காட்டுக்குப் போக வேண்டியிருந்தால், பதிவு செய்ய முடியுமா என்று பணம் கொடுக்கும் முன்பே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேளுங்கள், விற்பவர் வாயால் சொல்வதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். பெல்ட், பிரேக் பேட், அச்சு ரப்பர் உறை, இந்த மூன்றும் நாட்டுக்குள்ளேயே கிடைக்கிறதா என்றும் மாடல் இலக்கத்தைச் சொல்லி விசாரித்துவிடுங்கள். கிடைத்தால் மூன்றையும் வண்டியோடு சேர்த்தே வாங்கிக்கொண்டு வாருங்கள், அறுவடை நேரத்தில் பெல்ட் போனால் லீக்ஸ் காத்துக்கொண்டிருக்காது.