போகிமான் கோ கிரேட் லீக்: 1500-க்குள் மூன்று பேர்

வடசென்னையில் பாக்சிங் பார்த்து வளர்ந்தவர்களுக்கு போகிமான் கோ என்ற மொபைல் கேமில் ஆளுக்கு மூன்று போகிமானை இறக்கி மோதும் கிரேட் லீக்கைப் புரியவைப்பது சுலபம். அது ஒரு எடைப் பிரிவு. சிபி (போகிமானின் சண்டை பலத்தைக் காட்டும் எண்) 1500-ஐத் தாண்டக் கூடாது. 1501 ஆனால் அந்தப் போகிமான் அடுத்த பிரிவான அல்ட்ரா லீக்குக்குத்தான் (2500 வரை) போக வேண்டும், போட்ட பவர்-அப்பை, அதாவது ஏற்றிய லெவலைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால் 1480-ஐத் தொட்டபின் விரலைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள்.

புதிதாக வருபவர்கள் கேமின் மதிப்பீட்டில் மூன்று ஸ்டார், நான்கு ஸ்டார் போகிமானை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைப் புரொபசருக்கு அனுப்பிவிடுகிறார்கள். பலர் சேர்ந்து ஒரு பெரிய போகிமானை அடிக்கும் ரெய்டுக்கு அது சரி. இங்கே அது கையில் இருக்கும் நல்ல ஆளை விரட்டுவது மாதிரி. ஒவ்வொரு போகிமானின் அட்டாக், டிஃபென்ஸ், எச்பி (உயிர்) மூன்றுக்கும் 0 முதல் 15 வரை மதிப்பு உண்டு, 15/15/15 என்று அதே வரிசையில் எழுதுவோம். சிபி கணக்கில் டிஃபென்ஸும் எச்பியும் வர்க்கமூலமாக மட்டும் சேர்கின்றன, அட்டாக் முழுசாகப் பெருக்கப்படுகிறது. அதாவது அட்டாக் கூடினால் சிபி சட்டென்று ஏறி, குறைந்த லெவலிலேயே 1500 நிரம்பிவிடும். அட்டாக் குறைவாக இருந்தால் இன்னும் சில லெவல் ஏற்றலாம், அந்த லெவல்கள் அடி தாங்கும் உடம்பாக மாறும்.

அஸுமேரிலை எடுத்துக்கொள்வோம். 15/15/15 அஸுமேரில் லெவல் 36-லேயே 1500-ஐ ஒட்டி நின்றுவிடும், எச்பி 184. அதே அஸுமேரில் 8/15/15 என்றால் லெவல் 40 வரை போய் மிகச் சரியாக 1500-இல் நிற்கும், எச்பி 189, டிஃபென்ஸும் கூடுதல். அப்படியென்றால் 0/15/15 இன்னும் நல்லதா? நல்லதுதான், ஆனால் லெவல் 40-இல் அது 1400 மட்டுமே. மீதி நூறுக்கு, லெவல் 40-க்கு மேல் ஏற்றும் எக்ஸெல் கேண்டி வேண்டும். அது கையில் இல்லாதவர்களுக்கு 8/15/15-தான் பொக்கிஷம். மதிப்பீட்டுத் திரையில் கீழிரண்டு பட்டைகளும் முழுசாகச் சிவந்திருக்கும், மேல் பட்டை பாதியைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். அட்டாக் குறைவதால் ஒரு நஷ்டமும் உண்டு: இருவரும் ஒரே நொடியில் சார்ஜ் மூவ் (எனர்ஜி சேர்த்து அடிக்கும் பெரிய அடி) போட்டால் அட்டாக் அதிகமுள்ளவர்தான் முந்துவார்.

மேரில்தான் பரிணாமம் ஆகி அஸுமேரில் ஆகும். மேரில் பிடிக்க நம் ஊரில் நல்ல காலம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. மேரில் தண்ணீரும் ஃபேரியும் சேர்ந்த வகை. கேமில் மழை காட்டினாலும் மேகமூட்டம் காட்டினாலும் அதற்கு ஊக்கம் கிடைக்கும். ஊக்கம் பெற்றது லெவல் 35 வரை வரும், பெறாதது 30-ஐத் தாண்டாது. 30-இலிருந்து 40-க்கு ஏற்ற 1,50,000 ஸ்டார்டஸ்ட் (லெவல் ஏற்றச் செலவாகும் கேமின் தூள்). 35-இலிருந்து என்றால் 88,000. ஒரு மழை நாள் 62,000 மிச்சம் பிடித்துத் தருகிறது. ஊக்கம் பெற்றதன் மூன்று மதிப்புகளும் குறைந்தது 4 இருக்கும் என்பதால் ஜீரோ அட்டாக் கிடைக்காது. நமக்கு வேண்டியது 8 என்பதால் பாதகமில்லை. லெவல் 35-இல் 8/15/15 மேரிலின் சிபி 370. அதை 399 வரை ஏற்றி, 25 கேண்டி போட்டுப் பரிணாமம் செய்தால் 1500. கேமின் வானிலை மணிக்கு மணி மாறும் முன்கணிப்பு, தண்டையார்பேட்டையில் நீங்கள் நனைந்துகொண்டிருக்கும்போது திரையில் வெயில் காய்ந்தால் ஆச்சரியப்படாதீர்கள். மழையில் நடப்பதென்றால் தெருவுக்குள் நடங்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பக்கத்தில் போனைப் பார்த்துக்கொண்டு நடக்கும் வேலை வேண்டாம்.

மேரில் குவிந்தபின் நண்பரோடு மாற்றிக்கொள்ளுங்கள். 100 மீட்டருக்குள் இருந்தால் போதும், இருவரிடமும் பதிவான சாதாரணப் போகிமானுக்கு 100 ஸ்டார்டஸ்ட்தான். மாற்றியதும் மூன்று மதிப்புகளும் புதிதாகக் குலுக்கப்படும், லெவல் மாறாது. கேமின் நட்பு நிலையில் பெஸ்ட் ஃப்ரெண்டாக இருப்பவரோடு மாற்றினால் ஒவ்வொன்றும் குறைந்தது 5. மாற்றும்போது அதிர்ஷ்டவசமாக லக்கி போகிமான் ஆகிவிட்டால் குறைந்தது 12, அது 8-ஐத் தேடுபவருக்கு உதவாது.

இனி கூட்டாளிகள். அஸுமேரிலுக்கு எதிரி புல், மின்சாரம், விஷம். மின்சாரத்தையும் விஷத்தையும் ஸ்வாம்பர்ட் பார்த்துக்கொள்ளும், அது தண்ணீரும் நிலமும். ஆனால் புல் பட்டால் ஸ்வாம்பர்ட்டுக்கு 2.56 மடங்கு அடி. புல்லுக்கு ஸ்கார்மரி. எஃகும் பறவையுமான அதன்மேல் புல் அடி 0.39 மடங்குதான், விஷமும் அவ்வளவே. ஸ்கார்மரி பயப்படும் நெருப்பைத் தண்ணீர்க்காரர்கள் இருவரும் அணைப்பார்கள். ஓட்டை ஒன்று உண்டு: மின்சாரம் மூவரில் இருவரைச் சுடும். ஸ்வாம்பர்ட்டை இழந்தபின் எதிரியிடம் மின்சாரம் மிச்சமிருந்தால் ஆட்டம் கிட்டத்தட்ட முடிந்தது.

செலவு சமமாக இல்லை. ஸ்கார்மரி லெவல் 27 வாக்கிலும், ஸ்வாம்பர்ட் 18, 19 வாக்கிலும் 1500-ஐத் தொட்டுவிடும். மட்கிப்பை ஸ்வாம்பர்ட் ஆக்க 25-உம் 100-உமாக 125 கேண்டி, இரண்டாவது சார்ஜ் மூவுக்கு 10,000 ஸ்டார்டஸ்டும் 25 கேண்டியும். ஸ்டார்டஸ்ட் குறைவென்றால் இங்கிருந்து தொடங்குங்கள். ஹைட்ரோ கேனன் என்ற சார்ஜ் மூவ் இல்லாத ஸ்வாம்பர்ட் பல்லில்லாத முதலை. அது கிடைக்கும் நிகழ்ச்சி நேரத்துக்குள் பரிணாமம் செய்யுங்கள், இல்லாவிட்டால் அந்த மூவைக் கற்றுத்தரும் எலீட் டிஎம் என்ற பொருள் செலவாகும்.

வரிசை: முதலில் அஸுமேரில், மாற்று ஆளாக ஸ்கார்மரி, கடைசியில் ஸ்வாம்பர்ட். எதிரி புல்லோடு வந்தால் உடனே ஸ்கார்மரி. மின்சாரத்தோடு வந்தால் பதறி ஸ்வாம்பர்ட்டை இறக்காதீர்கள். அவர் புல்லை எடுத்துவிடுவார், ஒருமுறை மாற்றியபின் கொஞ்ச நேரம் உங்களால் மாற்ற முடியாது, ஸ்வாம்பர்ட் கண்ணெதிரே கரையும். அஸுமேரிலை அங்கேயே நிற்கவையுங்கள். ஷீல்டு (சார்ஜ் அடியைத் தடுக்கும் கவசம்) போடாமல் எனர்ஜி சேர்த்து, முடிந்தால் ஒரு ஐஸ் பீம் அடித்துவிட்டு விழட்டும். விழுந்தபின் யாரை இறக்குவது என்பது உங்கள் இஷ்டம், அதற்கு அந்தக் காத்திருப்பும் இல்லை.

இரண்டே ஷீல்டு. அவற்றை எண்ணிக்கை பார்த்துச் செலவு செய்ய வேண்டும். அஸுமேரிலின் சாதாரண அடியான பபுள் ஒன்றுக்கு ஒன்றரை நொடி, அதில் 11 எனர்ஜி சேரும். அதன் சார்ஜ் மூவ்களில் ஐஸ் பீமுக்கு 55, ப்ளே ரஃபுக்கு 60 செலவாகும். எதிரியின் அஸுமேரில் ஐந்தாவது பபுளோடு சார்ஜ் போட்டால் அது ப்ளே ரஃபாக இருக்க வழியே இல்லை. ஆறாவதுவரை பொறுத்தால் இரண்டில் ஒன்று. முதலில் எதிரியின் ஒரே ஒரு போகிமானை எண்ணிப் பழகுங்கள், மூன்றையும் எண்ணத் தொடங்கினால் சொந்த ஆட்டம் கெடும். சீசன் மாறும்போது மூவ்களின் எண்களைத் திருத்துவார்கள், புதுச் சீசனின் முதல் நாளிலேயே ஒருமுறை சரிபாருங்கள்.

ஆட்டத்தை அளக்கும் ஒரு டர்ன் அரை நொடிதான் என்பதால் நெட் தடுமாறினாலும் தோல்வி. இரண்டு சுவர் தாண்டி வரும் வைஃபையைவிட மொட்டை மாடியில் மொபைல் டேட்டா மேல். பேட்டரி சேவரை அணைத்துவிடுங்கள். பேசின் பிரிட்ஜில் ரயில் நின்றதும் ஒரு ஆட்டம் போடலாம் என்று தோன்றும். நடு ஆட்டத்தில் வண்டி நகர்ந்து டவர் மாறினால் நீங்கள் தட்டியது ஒன்று, திரையில் நடப்பது வேறொன்று. ரயிலில் இருக்கும் நேரத்தை மேரில்களின் பட்டையைப் பார்த்துப் பிரித்துவைக்கப் பயன்படுத்துங்கள்.