வீடு பற்றிய கலைக் கண்காட்சியைப் பார்ப்பது எப்படி?

வீட்டைக் கருவாகக் கொண்ட சமகாலக் கண்காட்சிகளில் பெரும்பாலும் நிறுவல்களும் (ஓர் இடத்தையே நிரப்பி அமைக்கும் படைப்புகள்) வீடியோக்களும்தான் இருக்கும். வரிசையாக நடந்து பார்த்தால் எதுவும் மனதில் தங்காது. ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் கால் மணி நேரம் நிற்காமல் ஒரு சுற்று. பிறகு உங்களை இழுத்த நான்கைந்து படைப்புகளுக்கு மட்டும் திரும்பிப் போங்கள்.

விளக்கச் சீட்டை உடனே படிக்காதீர்கள். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுப் படியுங்கள். அதில் பலரும் தாண்டிப்போகும் வரி, எதனால் செய்யப்பட்டது என்பது. பாதி சேதி அங்கேதான் இருக்கிறது. கொரியக் கலைஞர் டோ ஹோ சு, தான் வாழ்ந்த வீடுகளை அதே அளவில், ஒளி ஊடுருவும் துணியில் தைக்கிறார். அவற்றை மடித்து ஊர்விட்டு ஊர் கொண்டுபோகலாம். கதவுக் கைப்பிடி, சுவிட்ச், குழாய் எல்லாமே தையல்தான். கிட்டே போய் அந்த மடிப்புகளைப் பாருங்கள், ஆனால் தொடவேண்டாம். கைப்பிசுக்கு துணியில் கறையாக நின்றுவிடும். பிரிட்டிஷ் சிற்பி ரேச்சல் வைட்ரீட் 1993-ல் கிழக்கு லண்டனில் ஒரு வீட்டின் உட்சுவர்கள்மேல் கான்கிரீட்டைப் பீய்ச்சி, இறுகியதும் வெளிச்சுவர்களைப் பிரித்தெடுத்தார். உள்ளே குழிவாக இருந்த கணப்புகள் (குளிர்காயும் அடுப்புகள்) வெளியே புடைத்து நின்றன. 1994 ஜனவரியில் அதை இடித்துவிட்டார்கள். இன்று புகைப்படமாகவும் வீடியோவாகவும்தான் பார்க்க முடியும்.

பாலஸ்தீன வம்சாவளிக் கலைஞர் மோனா ஹாதூமின் 'ஹோம்பவுண்ட்' (2000) போன்ற நிறுவல்களைக் காதாலும் பார்க்கவேண்டும். மேசை நாற்காலி, சமையல் சாமான் ஊடாக மின்சாரம் ஓடுகிறது. பல்புகள் மங்கிப் பிரகாசிக்க, மின்சாரத்தின் ரீங்காரம் ஒலிபெருக்கியில் வரும். ஒரு நிமிடம் கண்ணை மூடிக் கேளுங்கள்.

இவ்வகைக் கண்காட்சியில் பலர் சறுக்குவது சொந்த வீட்டு ஞாபகத்தில். அது கிளம்பியதும் எதிரே இருப்பது கண்ணில் படாமல் போகிறது. ஞாபகத்தைத் தடுக்க வேண்டியதில்லை; அதற்கு முன் மூன்றைக் கவனித்துவிடுங்கள்: எதனால் செய்யப்பட்டது, உங்கள் உடம்பைவிடப் பெரிதா சிறிதா, உள்ளே நிற்கிறீர்களா வெளியேவா.

முதுகுப்பையை வாசலில் கொடுத்துவிட்டுப் போங்கள். நீங்கள் உடம்பைத் திருப்பும்போது படைப்புகளில் இடிப்பது அதுதான். குறிப்பெடுக்கப் பென்சில் போதும், பல கூடங்களில் பேனாவுக்கு அனுமதியில்லை. ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். வீடியோவின் நீளம் சீட்டில் இருக்கும். கதை உள்ளதென்றால் அடுத்த தொடக்க நேரம் கேட்டுக்கொண்டு வாருங்கள். உள்ளே நுழையும் நிறுவல்களில் ஒருமுறைக்குச் சிலரைத்தான் விடுவார்கள், ஆகவே வார நாளில் திறந்த உடனே போவது நல்லது. காவலாளிகளிடம் பேசுங்கள். தினமும் அங்கேயே நிற்பவர்கள். எதன் முன் மக்கள் அதிக நேரம் நிற்கிறார்கள் என்று கேட்டால் சட்டென்று சொல்வார்கள்.