லேவியராகமப் பலிகளை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரியில் வேதாகமத்தை வாசிக்கத் தொடங்கும் பலர் அதன் மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். ரத்தம், கொழுப்பு, குண்டிக்காய் என்று வரவும், "அதான் இயேசு வந்துவிட்டாரே" என்று தாண்டிப் போகிறோம். தாண்டவே கூடாது. இந்த அதிகாரங்கள் தெரியாமல் புதிய ஏற்பாட்டின் எபிரெயர் நிருபம் பிடிபடாது.

பலி என்றாலே பாவத்துக்குத்தான் என்று நினைப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. முதல் 7 அதிகாரங்களில் சர்வாங்க தகனபலி, போஜனபலி, சமாதானபலி, பாவநிவாரணபலி, குற்றநிவாரணபலி என 5 வகை வருகின்றன. சமாதானபலி ஒரு விருந்து. கொழுப்பு பலிபீடத்துக்கு, மார்க்கண்டமும் (நெஞ்சுப்பகுதி) வலது முன்னந்தொடையும் ஆசாரியருக்கு, மீதி கொண்டுவந்தவருக்கு. நன்றி சொல்லிச் செலுத்தினால் இறைச்சியை விடியும்வரை வைக்கக்கூடாது. ஒரு மாட்டை ஒரே நாளில் ஒரு குடும்பம் சாப்பிட்டுத் தீர்க்க முடியுமா? நாலு பேரைக் கூப்பிட்டே ஆகவேண்டும்! இந்தச் சந்தோஷத்தைப் பிரசங்கங்களில் நான் அதிகம் கேட்டதில்லை.

அப்புறம், மனிதனுக்குரிய தண்டனையை மிருகம் வாங்கிக்கொண்டது என்பதே பலியின் முழு அர்த்தம் என்று எண்ணுவது. பறவை வாங்கவும் வசதியில்லாத ஏழை, ஒரு எப்பாவில் (தானியம் அளக்கும் ஓர் அளவு) பத்தில் ஒரு பங்கு மாவையே பாவநிவாரணபலியாகக் கொண்டுவரலாம் (லேவி. 5:11). மாவை யார் தண்டிப்பது? எபிரெயர் 9:22-லும் "கொஞ்சங்குறைய எல்லாம்" இரத்தத்தினால் சுத்திகரிக்கப்படும் என்றுதான் இருக்கிறது. அந்தக் "கொஞ்சங்குறைய"வை விட்டுவிட்டு வாசிக்கிறோம். லேவியராகமம் 16-ஆம் அதிகாரத்தில் பாவநிவாரண நாளுக்காகச் சொல்லப்பட்ட இரண்டு ஆட்டுக்கடாக்களையும் இப்படித்தான் ஒன்றாகக் குழப்புகிறோம். கொல்லப்படும் கடாவின் இரத்தம் பரிசுத்த ஸ்தலத்தைச் சுத்திகரிக்கிறது. ஜனங்களின் பாவங்களை அறிக்கையிட்டுத் தலையில் சுமத்துவது மற்றக் கடாவின்மேல். அது வெட்டப்படுவதில்லை, உயிரோடு வனாந்தரத்துக்குப் போகிறது. இரத்தம் ஏன் என்றால், அதில் உயிர் இருக்கிறது என்கிறது லேவியராகமம் 17:11. இதைப் பிடித்துக்கொண்டால் சிலுவையின் அர்த்தம் குறையாது, ஆழமாகும்.

ஆட்டைக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இஸ்ரவேலர் நம்பினார்கள் என்று சொல்வதும் நியாயமில்லை. பிறன் பொருளை அபகரித்தவர் முதலில் அதை முழுவதும் திருப்பித் தந்து, ஐந்தில் ஒரு பங்கு கூடவும் கொடுக்கவேண்டும். குற்றநிவாரணபலி அதோடு சேர்ந்துதான் வருகிறது. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொன்னதும் இதே வழிதான்.

கடைசியாக, இந்தச் சடங்குகளை "யூதர்களுடைய வெறும் சட்டம்" என்று தள்ளிப் பேசாதீர்கள். கி.பி. 70-ல் எருசலேம் ஆலயம் அழியும்வரை அது உயிருள்ள ஆராதனை. அப்போஸ்தலன் பவுலும் அந்த ஆலயத்துக்குள் சுத்திகரிப்புச் செய்துகொண்டு போனார் (அப்போஸ்தலர் 21:26). குழந்தை இயேசுவை எருசலேமுக்குக் கொண்டுவந்த மரியாளுக்காகச் செலுத்தப்பட்டதும் ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாத தாய்க்கு லேவியராகமம் 12 அனுமதித்த பலிதான்: இரண்டு பறவைகள்.