கிறிஸ்துமஸ் இரவுக்கு முழுக்கோழி ரோஸ்ட்: முதல்முறை செய்பவர்களுக்கான செய்முறை

கிறிஸ்துமஸ் அன்று மதியம் பிரியாணி என்பது நம் ஊர்க் கிறிஸ்தவ வீடுகள் பலவற்றில் மாறாத வழக்கம். அதில் கைவைக்க வேண்டாம். அதிகாலை ஆராதனை, உறவினர் வருகை, பலகாரத் தட்டுகள் எல்லாம் முடிந்து இரவில் வீட்டார் ஒன்றாக உட்காரும் வேளைக்குத்தான் இந்த ரோஸ்ட். மேசை நடுவில் ஒரு முழுக்கோழியை வைத்து, எல்லோர் முன்னாலும் வெட்டிப் பரிமாறுவதில் தனி மகிழ்ச்சி இருக்கிறது. சமையலில் பெரிய பழக்கம் இல்லாதவர்களும் இதை நன்றாகச் செய்துவிடலாம். இரண்டு காரியங்களில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: முந்தைய நாளே உப்புத் தடவிவிட வேண்டும், வெந்துவிட்டதா என்பதை வெப்பமானியை வைத்துத் தீர்மானிக்க வேண்டும்.

எந்தப் பறவை?

கிறிஸ்துமஸ் என்றதும் வான்கோழியைத் தேடுபவர்கள் உண்டு. முதல்முறைக்கு அது வேண்டாம். ஐந்து கிலோ பறவை நம் வீட்டு ஓ.டி.ஜி. (மேசைமேல் வைக்கும் மின்சார ஓவன்) அடுப்புகள் பலவற்றுக்குள் நுழையாது. நுழைந்தாலும், தொடைக்கறி வேகும்வரை காத்திருந்தால் நெஞ்சுக்கறி வறண்டுபோகும். உறைந்த வான்கோழி என்றால் ஃபிரிட்ஜில் வைத்து உறைவு நீங்கவே இரண்டு மூன்று நாட்கள் ஆகும். வாத்துக்கறி அருமையானது. ஆனால் தோலுக்கடியில் உள்ள கொழுப்பைப் பக்குவமாக உருக்கி எடுக்கக் கை பழகியிருக்க வேண்டும்.

நாட்டுக்கோழியைத்தான் பலரும் ஆசையோடு கேட்பார்கள். குழம்புக்கு அதை மிஞ்ச ஒன்றில்லை. ஆனால் ஓடியாடி வளர்ந்ததால் அதன் தசை இறுக்கமானது, கொழுப்பும் குறைவு. குழம்பில் நிதானமாகக் கொதிக்கும்போது மென்மையாகிற அந்தக் கறி, அடுப்பின் உலர்ந்த சூட்டில் விறைத்துவிடும். ரோஸ்டுக்குப் பிராய்லர்தான் சரி.

தோலோடு 1.4 முதல் 1.6 கிலோ வரை உள்ள கோழி நான்கைந்து பேருக்குப் போதும். சுத்தம் செய்த பிறகு உயிர் எடையில் ஏறத்தாழ 70 சதவீதம் மிஞ்சும் என்பதால், 2.2 கிலோ உயிர் எடைக் கோழியைக் கேளுங்கள். எட்டுப் பத்துப் பேர் வருகிறார்கள் என்றால் ஒரே பெரிய கோழியைவிட இரண்டு சிறிய கோழிகள் நல்லது. வேகும் நேரம் குறையும், கால் கேட்கும் பிள்ளைகளுக்கு நான்கு கால்கள் கிடைக்கும்.

கடையில் சொல்ல வேண்டியது

நம் ஊர்க் கோழிக்கடைகளில் வாயைத் திறந்து சொல்லாவிட்டால் தோலை உரித்துவிடுவார்கள். திரும்பிப் பார்ப்பதற்குள் துண்டும் போட்டுவிடுவார்கள். “அண்ணே, ரோஸ்டுக்கு. முழுசா வேணும், தோலை உரிக்க வேண்டாம்” என்று எடை போடும்போதே சொல்லிவிடுங்கள். தோலோடு வேண்டுமானால் சுடுநீரில் முக்கி இறகு பறிக்க வேண்டியிருக்கும். பண்டிகைக் கூட்டத்தில் அதற்கு அவருக்கு நேரம் இருக்காது. ஆகவே 23ஆம் தேதியே சொல்லிவைத்துவிட்டு, 24ஆம் தேதி காலையில் போய் வாங்குங்கள். கழுத்து, ஈரல், இரைப்பை என்று எதையும் கழித்துவிடாமல் தனியாகக் கேட்டு வாங்குங்கள். கழுத்து பிறகு உதவும்.

வீட்டுக்கு வந்ததும் சிறகின் மடிப்பையும் வால் பக்கத்தையும் பாருங்கள். முளை இறகுகள் கட்டாயம் இருக்கும். நகத்தால் பிடுங்குங்கள், மெல்லிய முடிகளை அடுப்புச் சுடரில் ஒருமுறை வாட்டினால் பொசுங்கிவிடும்.

கோழியைக் குழாயடியில் பிடித்துக் கழுவ வேண்டாம். தெறிக்கும் நீரோடு கிருமிகளும் பக்கத்திலிருக்கும் பாத்திரங்களுக்கும் சாலட் காய்களுக்கும் பரவும். அவை சாவதற்கு அடுப்புச் சூடே போதுமானது. மஞ்சள் போட்டுக் கழுவாமல் மனம் ஒப்பாது என்றால், அகலமான பாத்திரத்தில் நீர் வைத்து அதில் முக்கி எடுங்கள். பிறகு தொட்டியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

24ஆம் தேதி மாலை: உப்பு

கோழியை உள்ளும் புறமும் துணியால் அல்லது காகிதத்தால் ஈரம் போக ஒற்றுங்கள். ஒன்றரைக் கிலோ கோழிக்கு மூன்று தேக்கரண்டி தூளுப்பு, தலைதட்டி. ஏறத்தாழ 18 கிராம் வரும். நெஞ்சிலும் தொடையிலும் கூடுதலாகவும், வயிற்றுக்குள் கொஞ்சமும் தடவுங்கள். ஒரு தட்டில் வைத்து, மூடாமல், ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். மேலே வைத்தால் கசியும் நீர் மற்ற உணவின் மேல் சொட்டும்.

ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் தோல்மேல் நீர் முத்து முத்தாக அரும்பியிருக்கும். உப்பு கறிக்குள்ளிருந்து இழுத்த நீர் அது. பதற்றம் வேண்டாம். அந்த உப்புநீரே இரவு முழுவதும் திரும்ப உள்ளே இறங்கும். அப்போது உப்பு தசையின் புரதங்களைத் தளர்த்துவதால், வேகும்போது கறி தன் சாற்றை எளிதில் விட்டுவிடாது. மேல்தோலோ ஃபிரிட்ஜின் குளிரில் காய்ந்து, மறுநாள் மொறுமொறுப்பாவதற்குத் தயாராகும். தயிரில் ஊறவைப்பது தந்தூரிக்கு நன்றாக இருக்கும். இங்கே தோலை நசநசப்பாக்கிவிடும்.

25ஆம் தேதி மாலை: வெண்ணெய்

எட்டு மணிக்குச் சாப்பாடு என்று கணக்கு வைத்துக்கொள்வோம். ஐந்தரைக்குக் கோழியை வெளியே எடுங்கள். உப்பில்லாத வெண்ணெய் 75 கிராம், நசுக்கிய பூண்டு எட்டுப் பல், கரகரப்பாகப் பொடித்த மிளகு இரண்டு தேக்கரண்டி, ஒரு எலுமிச்சையின் மஞ்சள் தோல் துருவல், பொடியாக நறுக்கிய கொத்தமல்லித் தண்டு ஆகியவற்றைப் பிசைந்துகொள்ளுங்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் வெண்ணெயில் உப்பு இருக்கும், பொட்டலத்தைப் பார்த்து வாங்குங்கள். மிளகாய்த்தூளும் சர்க்கரையும் வேண்டாம், இரண்டுமே கறி வேகும் முன் கருகிவிடும்.

இனி கொஞ்சம் பொறுமை தேவைப்படும் வேலை. கழுத்துப் பக்கமிருந்து இரண்டு விரல்களைத் தோலுக்கும் நெஞ்சுக்கறிக்கும் இடையே நுழைத்து, மெல்ல முன்னும் பின்னும் அசைத்தபடி உள்ளே போங்கள். நடு எலும்பின் மேல் மட்டும் மெல்லிய சவ்வு பிடித்துக்கொண்டிருக்கும். இழுத்தால் தோல் கிழியும் என்பதால் அதை விரல் நுனியால் அறுத்துவிடுங்கள். நகம் வெட்டியிருப்பது நல்லது. தோல் ஒரு பைபோலத் திறந்துகொண்டதும் முக்கால் பங்கு வெண்ணெயை உள்ளே வைத்து, வெளியிலிருந்து தடவி நெஞ்சு முழுவதும் பரப்புங்கள். மீதியை மேலே பூசுங்கள். சாறு பிழிந்த எலுமிச்சை மூடிகளை வயிற்றுக்குள் போட்டு, கால்களை நூலால் சேர்த்துக் கட்டி, சிறகு நுனிகளை முதுகுக்கடியில் மடக்கிவிடுங்கள்.

அடுப்பில்

இந்த அளவுக் கோழிக்கு 28 லிட்டருக்குக் குறையாத ஓ.டி.ஜி. வேண்டும். இவை பெரும்பாலும் 1,500 வாட்டுக்கு மேல் மின்சாரம் இழுப்பவை. சாதாரண 6 ஆம்பியர் பிளக் ஏறத்தாழ 1,380 வாட் வரைதான் தாங்கும், அதனால் 16 ஆம்பியர் பிளக்கில் மட்டும் செருகுங்கள். மேல், கீழ் இரண்டு கம்பிகளையும் போட்டு 200 டிகிரியில் கால் மணி நேரம் சூடேற்றுங்கள்.

தட்டில் பெரிதாக வெட்டிய உருளைக்கிழங்கு, கேரட், தோலுரித்த சின்ன வெங்காயம் ஆகியவற்றைப் பரப்பி, அதன்மேல் நெஞ்சு மேலே இருக்கும்படி கோழியை அமர்த்துங்கள். மேல் கம்பியில் இடிக்காதபடி கீழ் அடுக்கில், ஆறு பத்துக்கு உள்ளே போகட்டும். நாற்பது நிமிடத்தில் தட்டைத் திருப்பி வையுங்கள். நெஞ்சுப் பக்கம் மட்டும் வேகமாகச் சிவந்தால் அலுமினியத் தாளால் மூடுங்கள். தாள் கம்பியில் படக் கூடாது.

எழுபது நிமிடத்தில் சோதிக்கத் தொடங்குங்கள். வெப்பமானியைத் தொடையின் தடித்த இடத்தில் எலும்பில் படாமல் செருகினால் 74 டிகிரி காட்ட வேண்டும். எலும்பில் பட்டால் தவறான அளவு காட்டும். நெஞ்சிலும் பார்த்து, இரண்டு இடத்திலும் 74 வந்த உடனே எடுத்துவிடுங்கள். தொடை 80 ஆனாலும் சுவை கெடாது, நெஞ்சுதான் தாங்காது. சாறு தெளிவாக வருகிறதா, கால் மூட்டு தளர்ந்துவிட்டதா என்று பார்ப்பது பழைய முறை. அது நல்ல அறிகுறிதான், ஆனால் உறுதி தராது. சமையல் வெப்பமானி ஒன்று வாங்கிவைத்துக்கொண்டால் ஆயுளுக்கும் பயன்படும்.

ஓ.டி.ஜி. இல்லாதவர்கள் 1.2 கிலோ கோழியாக வாங்கிக்கொள்ளுங்கள். அடி கனமான பாத்திரத்தில் எண்ணெய் விட்டு எல்லாப் பக்கமும் சிவக்க வறுத்து, அரைக் கோப்பை நீர் ஊற்றி, இறுக மூடி, சிறு தீயில் இடையிடையே திருப்பிவிட்டு ஐம்பது நிமிடம் வேகவிடலாம். தோல் அவ்வளவு மொறுமொறுப்பாக இராது. கறி மிக மென்மையாக இருக்கும். வெப்பமானிக் கணக்கு இதற்கும் அதேதான்.

வெளியே எடுத்ததும் கத்தி வைக்காதீர்கள். இருபது நிமிடம் அப்படியே இருக்கட்டும். சூட்டோடு வெட்டினால் சாறெல்லாம் பலகையில் ஓடிவிடும். அந்த நேரத்தில் கிரேவி செய்துவிடலாம். தட்டில் வடிந்த கொழுப்பில் இரண்டு மேசைக்கரண்டியைச் சூடாக்கி, ஒரு மேசைக்கரண்டி மைதாவைப் பச்சை வாசனை போக வறுங்கள். கழுத்தை வேகவைத்த நீர் ஒன்றரைக் கோப்பையும் தட்டில் மிஞ்சிய சாறும் ஊற்றிக் கொதிக்கவிட்டு, கெட்டியானதும் வடிகட்டுங்கள்.

வெட்டும்போது முதலில் காலை வெளிப்புறம் விரித்து மூட்டில் கத்தியை இறக்குங்கள். எலும்பை வெட்ட வேண்டியதே இல்லை, மூட்டு தானே விடும். பிறகு சிறகுகள். கடைசியாக நடு எலும்பை ஒட்டிக் கத்தியை இறக்கி நெஞ்சை முழுதாக எடுத்து, குறுக்கே துண்டு போடுங்கள். ஒவ்வொரு துண்டிலும் தோல் இருக்க வேண்டும். தொட்டுக்கொள்ள ரொட்டியைவிட ஆப்பம்தான் எனக்குப் பிடிக்கும். கிரேவி அதன் நடுவில் தேங்கி நிற்கும்.

மீந்த கறியை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, மூன்று நாட்களுக்குள் சாப்பிட்டுவிடுங்கள். எலும்புக்கூட்டைத் தூக்கியெறியாமல் மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டு நன்றாகக் கொதிக்கவைத்தால் 26ஆம் தேதி மதியத்துக்குக் கோழி ரசம் ஆயிற்று.