சிங்கிள் லைனுக்கு கண்ட்ரோல் சார்ட் போடுவது எப்படி

கிராஃப் தாள் ஒன்று, நன்றாகச் சீவிய பென்சில், ரப்பர், ஓர் அடி ஸ்கேல், சிவப்பிலும் பச்சையிலும் ஒவ்வொரு கலர் பென்சில். இவ்வளவு போதும். ஒரே தண்டவாளத்தில் இரண்டு திசை வண்டிகளும் ஓடுவதுதான் சிங்கிள் லைன். எந்த வண்டி எந்த நேரத்தில் எங்கே என்று கோடாகக் காட்டும் தாள்தான் கண்ட்ரோல் சார்ட். தஞ்சாவூருக்கும் மாயவரத்துக்கும் நடுவே ஒரு சாயங்கால வண்டிகளை வீட்டு மேஜையிலேயே நீங்கள் நடத்தலாம். (மயிலாடுதுறை என்று 1982-லேயே பெயர் மாறிவிட்டது. கண்ட்ரோல் போனில் எங்கள் வாயில் கடைசி வரை மாயவரம்தான். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.)

மீட்டர் கேஜ் காலத்தில் சில வருஷம் ரோட்டோர ஸ்டேஷன் ஒன்றில் ஏ.எஸ்.எம். (உதவி ஸ்டேஷன் மாஸ்டர்), பிறகு திருச்சியில் செக்‌ஷன் கண்ட்ரோலர். ஒரு பகுதியின் வண்டிகளைப் போனிலேயே நடத்துகிற வேலை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் வண்டியைக் கண்ணால் பார்க்கவே முடியாது. காதில் ஸ்டேஷன் மாஸ்டர்களின் குரல், காலடியில் பேசுவதற்கு ஒரு பெடல், எதிரே சார்ட். இப்போது கம்ப்யூட்டரே கோடு போட்டுவிடுகிறது. போன மே மாத லீவில் என் பேத்திக்குக் கையால் போடச் சொல்லிக்கொடுத்தேன். அவளுக்குப் பிடிபட்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

தாளைப் படுக்கை வாட்டில் வையுங்கள். இடமிருந்து வலமாக நேரம்: ஒரு மில்லிமீட்டர் ஒரு நிமிஷம், ஆறு சென்டிமீட்டர் ஒரு மணி. இடது ஓரத்தில் 18.00 என்று எழுதி 22.00 வரை குறியுங்கள். கீழிருந்து மேலாக தூரம்: ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு மில்லிமீட்டர். அடிக்கோடு தஞ்சாவூர். அதிலிருந்து 5 சென்டிமீட்டர் மேலே பாபநாசம், 7.8-ல் கும்பகோணம், 14-ல் மாயவரம். அதாவது சுமாராக 25, 39, 70 கிலோமீட்டர். திட்டை, ஐயம்பேட்டை, சுவாமிமலை, ஆடுதுறை, குத்தாலம் எல்லாம் கை பழகிய பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த அளவில் ஒரு சௌகரியம் உண்டு. சரியாக 45 டிகிரி சாய்ந்த கோடு மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம். கோடு நிமிர நிமிர வேகம் கூடுகிறது. வண்டி நின்றால் கோடு படுத்துவிடும். சார்ட்டை எட்ட நின்று பார்த்தாலே எந்த வண்டி எங்கே காத்துக் கிடந்தது என்று தெரிந்துவிடும்.

இப்போது இரண்டு வண்டி. 18.00-க்கு தஞ்சாவூரிலிருந்து நெல் ஏற்றிய கூட்ஸ், மணிக்கு 30-ல் கிளம்புகிறது. 18.30-க்கு மாயவரத்திலிருந்து எக்ஸ்பிரஸ், மணிக்கு 60-ல், எங்கும் நிற்காமல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பென்சிலால் லேசாகப் போடுங்கள். 19.07 வாக்கில், பாபநாசத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும். வயல் நடுவில், ஒரே தண்டவாளத்தில். அங்கே வெட்டக் கூடாது. சிங்கிள் லைனில் எதிரெதிர்க் கோடுகள் ஸ்டேஷன் கோட்டின் மேல்தான் வெட்டலாம். அதற்குப் பெயர்தான் கிராசிங்.

ஆகவே ரப்பரை எடுங்கள். கூட்ஸை கும்பகோணம் வரை விட்டால் அது போய்ச் சேர 19.18, எக்ஸ்பிரஸ் 19.01-க்கே அங்கே வந்து 17 நிமிஷம் நிற்க வேண்டும். பாபநாசம் லூப்பில் (ஸ்டேஷனில் மெயின் லைனிலிருந்து பிரிந்து சேரும் பக்கத் தண்டவாளம்) போட்டால் கூட்ஸ் 18.50-லிருந்து 19.15 வரை நிற்கும், எக்ஸ்பிரஸ் நிற்காமல் போய்விடும். கூட்ஸ்தான் நிற்க வேண்டும். பாபநாசம் கோட்டின் மேல் 25 மில்லிமீட்டர் படுக்கைக் கோடு போடுங்கள்.

இதுவரை கணக்கு. வேலை இனிமேல்தான். மாயவரம் கூப்பிட்டு, "எக்ஸ்பிரஸ் இருபது நிமிஷம் லேட்" என்கிறார். எக்ஸ்பிரஸ் கோட்டை அழித்து 18.50-லிருந்து போடுங்கள். கும்பகோணத்துக்கு வருவது 19.21. கூட்ஸ் வருவது 19.18. பாபநாசத்தில் பிடித்துப் போட்டால் கூட்ஸ் 45 நிமிஷம் வீண். விட்டுவிட்டால் மூன்று நிமிஷ இடைவெளியில் தப்பிக்கலாம் போலத் தெரியும். ஆனால் கூட்ஸ் கிளம்பி வேகம் பிடிக்கவும், லூப்பில் நுழைந்து நிற்கவும், பின்னால் பாயிண்டை (தண்டவாளம் பிரியும் இடம்) மாற்றவும் ஆகும் நேரம் உங்கள் நேர்கோட்டில் இல்லை. அந்த மூன்று நிமிஷம் நிஜத்தில் கிடையாது.

நான் கண்ட்ரோல் போர்டில் (கண்ட்ரோலரின் மேஜை) உட்கார்ந்த முதல் வருஷம், ஒரு மார்கழி ராத்திரி, இதே மாதிரி வந்தது. விட்டுவிட்டேன். பனியில் தண்டவாளம் ஈரம், சக்கரம் வழுக்கி கூட்ஸ் பதினோரு நிமிஷம் கூடுதலாக எடுத்துக்கொண்டது. எக்ஸ்பிரஸ் ஸ்டேஷனுக்குள் நுழைய விடும் ஹோம் சிக்னலுக்கு வெளியே இருட்டில் நின்றது. பக்கத்து போர்டில் இருந்த பெரியவர் எழுந்து வந்து சார்ட்டைப் பார்த்தார். "தம்பி, வண்டி எப்படி ஓடணுமோ அப்படிப் போட்டிருக்கே. அது எப்படி ஓடுமோ அப்படிப் போடு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து கோட்டை நீட்டுவதற்கு முன் கேட்பேன்: லோடு எவ்வளவு, தண்ணீர் பிடித்தாயிற்றா, டிரைவர் யார், மழை இருக்கிறதா. ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் பதிலே சொல்ல மாட்டார். ரிசீவரை ஜன்னல் பக்கம் நீட்டிப் பிடிப்பார். இன்ஜின் மூச்சு முட்டுகிறதா, சீராக வாங்குகிறதா என்று திருச்சியில் உட்கார்ந்து நான் கேட்பேன். வீட்டில் நீங்கள் சார்ட் போடும்போது அந்தக் கேள்விகளுக்காக ஐந்து நிமிஷம் சேர்த்தே போடுங்கள். வரப்போவது லேசான பென்சிலில், ஸ்டேஷனிலிருந்து நேரம் வந்த பிறகு கலரில்: எக்ஸ்பிரஸுக்குச் சிவப்பு, கூட்ஸுக்குப் பச்சை என்று நான் வைத்துக்கொண்டேன். லேசான கோடு எப்போதும் கலர்க் கோட்டுக்கு ஒரு மணி நேரமாவது முன்னே ஓட வேண்டும். 1992 மகாமகத்தின்போது கும்பகோணத்துக்கு ஸ்பெஷல் மேல் ஸ்பெஷல். சார்ட் மீன் வலை மாதிரி ஆகிவிட்டது. அன்று எங்களைக் காப்பாற்றியது அந்த லேசான கோடுதான்.

துணைக்கு இரண்டு பேர் இருந்தால் ஸ்டேஷன் வேலையையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒருவர் பாபநாசம், ஒருவர் கும்பகோணம். எவர்சில்வர் டம்ளரில் கரண்டியால் தட்டுவதுதான் மணி: ஒன்று, போனுக்கு வா, இரண்டு, லைன் கிளியர் (வண்டியை அனுப்பச் சம்மதம்) உண்டா, மூன்று, வண்டி இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே உள்ள செக்‌ஷனில் நுழைந்தது, நான்கு, வெளியே வந்துவிட்டது, ஆறு, ஆபத்து. எங்கள் காலத்தில் அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷனிலும் ஒன்றோடொன்று இணைந்த நீல்ஸ் டோக்கன் கருவி இருக்கும். அதற்குள் கையில் அடங்குகிற குண்டுகள் பல. டிரைவர் கையில் ஒரு குண்டு இல்லாமல் வண்டி ஸ்டேஷனை விட்டு நகரக் கூடாது. ஒன்று வெளியே வந்துவிட்டால், அது இந்த முனையிலோ அந்த முனையிலோ திரும்ப உள்ளே போகும் வரை இரண்டாவது வராது. பிரம்பு வளையத்தில் தோல் பை, பைக்குள் குண்டு. ஓடுகிற இன்ஜினிலிருந்து கையை நீட்டி டிரைவர் வளையத்தை வாங்கிக்கொள்வார். எங்கள் வீட்டில் குண்டுக்கு எலுமிச்சம்பழம். பழம் கையில் இல்லாமல் கூட்ஸை நகர்த்திவிட்டாள் பேத்தி. வண்டியைத் திரும்ப பாபநாசத்துக்கே கொண்டுவந்து நிறுத்தச் சொன்னேன். அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பிரைவேட் நம்பரும் வேண்டும்: சம்மதம் சொன்னது அந்த ஸ்டேஷன் மாஸ்டர்தான் என்பதற்கு அத்தாட்சி. ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு இலக்க எண்களைத் தாறுமாறாக எழுதி, ஆளுக்கொரு சீட்டு, ஒருவர் சீட்டை மற்றவர் பார்க்கக் கூடாது. சம்மதம் சொல்லும்போது அடுத்த எண்ணைச் சொல்லி அதை அடித்துவிட வேண்டும். "நாலு ஏழு" என்று ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லுங்கள். கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும்.

டியூட்டி முடியும் நேரத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. அடுத்து உட்காருபவரிடம் செக்‌ஷனில் எந்த வண்டி எங்கே, எது எங்கே கிராசிங், எங்கே வேகக் கட்டுப்பாடு என்று வாயால் சொல்லுங்கள். அவர் உங்கள் லேசான கோடுகளை விரலால் தொட்டுப் பார்த்து, "சரி, எழுந்திரிங்க" என்று சொன்ன பிறகுதான் எழுந்திருக்க வேண்டும். நேரத்தைப் போட்டு இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.