சீகன்பால்க் என்றால் என்ன பொருள்? ஜெர்மன் குடும்பப்பெயர் தேடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, 1714-15-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டுக் கொடுத்த ஜெர்மன் மிஷனரி பர்த்தலோமேயு சீகன்பால்கை நம்மில் பலருக்குத் தெரியும். அவருடைய குடும்பப்பெயர் ஜெர்மனியிலேயே அபூர்வமானது என்பது அவ்வளவாகத் தெரியாது. இந்தப் பெயருக்குப் பொருள் தேடி இறங்குபவர்கள் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் வழுக்கி விழுகிறார்கள். வேறு எந்த அரிய ஜெர்மன் பெயரை எடுத்தாலும் அதே பள்ளங்கள் இருக்கும், அதனால் இந்த ஒரு பெயரை வைத்தே சொல்லிவிடலாம்.

முதல் தவறு, இன்றைய அகராதியைத் திறப்பது. பெயரில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. நாம் 'சீகன்' என்று எழுதுவது ஜெர்மனில் 'ட்ஸீகன்'. 'ட்ஸீகெ' என்றால் வெள்ளாடு, அதில் குழப்பம் இல்லை. 'பால்க்' என்று தேடினால் இன்றைய ஜெர்மனில் அடங்காத பிள்ளையைத் திட்டும் சொல் வந்து நிற்கும், உடனே 'ஆட்டுக்குப் பிறந்த வால்பையன்' என்ற மாதிரி ஏதோ ஒன்றை எழுதி வைத்துவிடுவார்கள். ஆனால் 'பால்க்' என்பதன் பழைய பொருள் விலங்கின் மேலிருந்து உரித்தெடுத்த தோல். கொல்லன் பட்டறைத் துருத்திக்கு ஜெர்மனில் இருக்கும் பெயரிலும் இதே சொல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஜெர்மன் குடும்பப்பெயர்கள் பெரும்பாலும் 12-ஆம் நூற்றாண்டுக்கும் 15-ஆம் நூற்றாண்டுக்கும் நடுவே நிலைபெற்றவை, ஆகவே அந்தக் காலத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் இருந்ததோ அதைத்தான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் வெள்ளாட்டுத் தோல். தோலை வாங்கி விற்றவருக்கோ பதனிட்டவருக்கோ ஊரார் வைத்த பட்டப்பெயராகக் கொள்வது பொருத்தம். தொழிலை நேராகச் சொல்லாமல் அதில் புழங்கும் பொருளைச் சொல்லிக் கூப்பிடுவது அங்கே சகஜம். செருப்புத் தைப்பவர் முழங்காலில் மாட்டும் வாரின் பெயரான 'க்னீரீம்' இன்றைக்கும் குடும்பப்பெயராக இருக்கிறது.

சரி, தோல் என்று தெரிந்துவிட்டது, உடனே சீகன்பால்கின் அப்பா தோல் வியாபாரி என்று எழுதிவிடக் கூடாது. அவர் ட்ரெஸ்டனுக்கு வடகிழக்கே இருக்கும் புல்ஸ்னிட்ஸ் என்ற சிறு நகரத்தில் தானிய வியாபாரி. மகன் பிறந்தது 1682-ல். அதற்குள் பெயர் ஒட்டிக்கொண்டு எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது, தொழில் மாறிவிட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. பெயர் சொல்வது அதை முதலில் வாங்கிய ஒருவரைப் பற்றி மட்டுமே.

அடுத்தது, பார்க்க ஒரே மாதிரி இருக்கும் பெயர்களை ஒரே குடும்பமாகச் சேர்ப்பது. ட்ஸீக்லர் என்ற பெயருக்கும் ஆட்டுக்கும் சம்பந்தமே கிடையாது, அது செங்கலும் ஓடும் சுடுபவரின் பெயர். ட்ஸீகன்ஹாகன், ட்ஸீகன்ஹைன் போன்றவை ஊர்ப்பெயர்கள், அந்த ஊர்களிலிருந்து வந்தவர்களுக்கு அமைந்தவை. இன்னொரு சிக்கலும் உண்டு. புல்ஸ்னிட்ஸ் இருக்கும் லௌசிட்ஸ் வட்டாரம் சோர்பியர் என்ற ஸ்லாவிய மக்கள் இன்றும் வாழும் பகுதி. பக்கத்து ஊரான கமென்ட்ஸில் 1729-ல் பிறந்த நாடகாசிரியர் லெஸ்ஸிங்கின் பெயர் கேட்பதற்கு முழு ஜெர்மனாகத் தோன்றும், ஆனால் அது காட்டைக் குறிக்கும் ஸ்லாவியச் சொல்லிலிருந்து வந்தது. அந்தப் பக்கத்துப் பெயர் என்றால் ஜெர்மன் அகராதி மட்டும் போதாது. கற்றவர்கள் தங்கள் பெயரை லத்தீனாக்கிக்கொண்ட வழக்கத்தையும் மறக்கக் கூடாது: 1779-ல் வேப்பேரியில் தமிழ் அகராதி அச்சிட்ட ஜெர்மன் மிஷனரி ஃபப்ரிசியஸின் பெயரைப் பார்த்து இத்தாலிய வம்சம் என்று நினைக்க வேண்டாம், ஷ்மிட் என்ற சாதாரணக் கொல்லர் பெயருக்கு லத்தீன் உடுப்பு அது.

அதிகம் பேரைத் திசைதிருப்புவது எழுத்துக்கூட்டல்தான், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஜெர்மன் பேரரசு முழுவதற்கும் அரசுப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு வந்தது 1876 ஜனவரி 1-ல். அதற்கு முன்னால் தேவாலயப் பதிவேடுகள்தான், குருவானவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதினார். ஒரே ஆளின் பெயர் ஞானஸ்நானப் பதிவில் ஒரு விதமாகவும் திருமணப் பதிவில் வேறு விதமாகவும் இருக்கலாம். சீகன்பால்கின் பெயரே 18-ஆம் நூற்றாண்டு ஆங்கில வெளியீடுகளில் கடைசியில் ஒரு ஹெச் எழுத்து சேர்ந்து வருகிறது. இதைப் பார்த்து 'எழுத்து வேறு, குடும்பம் வேறு' என்று ஒதுக்கினால் பாதித் தடயம் போய்விடும். புல்ஸ்னிட்ஸ் இருக்கும் சாக்ஸனிப் பகுதியின் பேச்சில் B-யும் P-யும் கலந்துவிடும், G-யும் K-யும் அப்படியே. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'ப', ஒரே 'க' என்பதால் நமக்கு இந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது. ரோமன் எழுத்தில் தேடும்போது இரண்டு வகையையும் போட்டுப் பார்ப்பது அவசியம். முதல் எழுத்திலும் கவனம் வேண்டும். நாம் சீகன் என்று எழுதுவதால் எஸ்-ஸில் தேடுபவர்கள் உண்டு, உண்மையில் அது இஸட், ஜெர்மானியர் வாயில் 'ட்ஸ்' என்று ஒலிக்கும்.

அப்புறம் கையெழுத்து. பழைய பதிவேடுகள் குர்ரென்ட் என்ற எழுத்து முறையில் இருக்கும். அதில் சிறிய ஈ (e) எழுத்தும் என் (n) எழுத்தும் இரண்டு செங்குத்துக் கோடுகள்தான், கோடுகளுக்கு இடையே உள்ள நெருக்கத்தை வைத்துத்தான் எது எது என்று சொல்ல முடியும். சீகன்பால்க் என்ற பெயரின் நடுவில் ஈ, ஜி, ஈ, என் என்று வரிசையாக வருகிறது, அவசரமாக எழுதிய கையென்றால் அந்த இடம் முழுக்க வெறும் கோடுகளாகத் தெரியும். பின்னாளில் கணினியில் ஏற்றியவர் தவறாகப் படித்திருந்தால் தேடல் பெட்டியில் சரியான பெயரைப் போட்டும் ஒன்றும் வராது. ஆகவே 'பதிவே இல்லை' என்று முடிவுகட்டுவதற்கு முன்னால் பக்கத்தின் படத்தை நீங்களே திறந்து பாருங்கள்.

பழைய பதிவுகளில் பெண்கள் குடும்பப்பெயரின் கடைசியில் 'இன்' சேரும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இசைமேதை பாஹ் தன் மனைவிக்காக 1722-ல் தொடங்கிய இசைக் குறிப்பேட்டில் அன்னா மக்டலேனா 'பாஹின்' என்றுதான் இருக்கிறது. அதே வழக்கப்படி சீகன்பால்க் வீட்டுப் பெண் 'ட்ஸீகன்பால்கின்' ஆவார். அதைத் தனிக் குடும்பப்பெயராக எண்ணினால் ஒரு கிளையை இரண்டாக்கிவிடுவோம்.

குலச்சின்னம் விற்கும் தளங்களைப் பற்றி ஒரு வரி: சின்னம் குறிப்பிட்ட ஒரு குடும்பத்துக்கு உரியது, அந்தப் பெயரை வைத்திருக்கும் எல்லோருக்கும் அல்ல. காசைக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, 'உலகில் இத்தனை பேருக்கு இந்தப் பெயர்' என்ற எண். ஜெர்மனிக்கு நம்பகமான அடிப்படை, குடும்பப்பெயர் நிலப்பட ஆய்வுக்குப் பயன்பட்ட 2005-ஆம் ஆண்டுத் தொலைபேசித் தரவு. ஏறக்குறைய 2.8 கோடி இணைப்புகள், அதில் சுமார் 8.5 லட்சம் வெவ்வேறு குடும்பப்பெயர்கள். ஓர் இணைப்பு ஒரு வீடு, ஒரு ஆள் அல்ல; மக்கள்தொகை அப்போது 8 கோடிக்குச் சற்று மேல் என்பதால் தோராயமாக மூன்றால் பெருக்க வேண்டும். பெரிய பெயர்களுக்கு இது ஓரளவு சரியாக வரும், பத்து இருபது இணைப்புகள் மட்டும் உள்ள பெயருக்கு இந்தப் பெருக்கல் கிட்டத்தட்ட அர்த்தமற்றது. இன்றைய வரைபடத்தில் எங்கே அடர்த்தியாக இருக்கிறதோ அதுவே பூர்வீகம் என்பதும் ஆபத்தான முடிவு. இரண்டாம் உலகப்போருக்குப் பின் சிலேசியா, கிழக்குப் பிரஷியா, சுடேட்டன் பகுதிகளிலிருந்து சுமார் 1.2 கோடி ஜெர்மானியர்கள் துரத்தப்பட்டார்கள், அவர்களோடு பெயர்களும் பவேரியாவுக்கும் ரூர் பகுதிக்கும் இடம் மாறின. அதற்கு முந்தைய நிலை வேண்டுமென்றால் முதல் உலகப்போரின் இழப்புப் பட்டியல்களைப் பாருங்கள், படைவீரர் பெயரோடு ஊரும் இருக்கும், இணையத்தில் இலவசமாகத் தேடலாம்.

எண்ணிக்கை குறைவு என்பதை வம்சம் அற்றுப்போனதாகவும் எழுதாதீர்கள். 1976-ல் சட்டம் மாறும்வரை திருமணமானால் கணவர் பெயர்தான் குடும்பப்பெயர், ஆகவே மகள்கள் மட்டும் உள்ள வீட்டில் பெயர் ஒரே தலைமுறையில் மறைந்துவிடும், பிள்ளைகுட்டிகள் வேறு பெயரில் தொடர்வார்கள். பதிவுகளில் பெண்ணின் பெயருக்குப் பின்னால் 'கெபோரெனெ' என்ற சொல் வந்தால் அதை அடுத்து இருப்பது அவள் பிறந்த வீட்டுப் பெயர். அரிய பெயர் ஒன்றின் மீதிக் கிளைகளை அங்கேதான் தேட வேண்டும்.